கோப்பை கொடுத்தால் கடன் தீராது

(மும்பையில் நம் சங்கத்தின் இளைஞர் மன்ற ஆண்டு விழாவில், செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இந்த ஆண்டு முதல், 13 வயதிலிருந்து 19 வயது வரையுள்ள நம் பிள்ளைகளுக்குத் தொண்டுக்காகவும் தலைமைப் பண்புக்காகவும் விருது வழங்குவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முடிவு வெளியே தெரிந்த நாளிலிருந்து டீக்கடையிலும் குழாயடியிலும் லோக்கல் வண்டியிலும் கேள்விகள் கிளம்பிவிட்டன. "யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? எதைப் பார்த்துக் கொடுப்பீர்கள்? மீசை முளைக்காத பயலுக்கு எதற்கப்பா விருது?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். கேள்வி கேட்பார் இல்லாத சங்கம் நாளடைவில் பந்தல் போடுகிற சங்கமாக மட்டும் ஆகிவிடும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

நம் விழாக்களில் இதுவரை பரிசு பெற்றவர்கள் யார்? பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள், பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தவர்கள், கபடியில் வென்றவர்கள். இவர்களைப் பாராட்டியது முற்றிலும் சரியே. நூறு சதுர அடிக் கோலியில் ஆறு பேரோடு படுத்து எழுந்து, தெருவிளக்கில் படித்து மதிப்பெண் வாங்குவது லேசான காரியமா? அந்தப் பரிசுகள் தொடரும்.

ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் மேடைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டுத் தையல் பட்டறைக்குப் போகிற பையன் மேடைக்கு வருவதில்லை. விடியற்காலை அம்மாவோடு மாவு அரைத்து, இட்லித் தூக்குக்குச் சட்னி கட்டிக் கொடுத்துவிட்டுத் தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிற பெண் மேடைக்கு வருவதில்லை. விழா முடிந்த பிறகு நாற்காலி அடுக்க வருகிறார்களே, அவர்கள்தான் அந்தப் பிள்ளைகள். அவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தோழர்களே, பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில், பதின்ம வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் நடந்த காலம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தென்னாப்பிரிக்காவை நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒப்பந்தம் முடிந்த பின்னும் அங்கே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்றார்கள். கிறித்துவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று 1913இல் ஒரு தீர்ப்பும் வந்தது. நம் தாய்மார்கள் கட்டிய தாலியைச் சட்டம் கயிறாக்கியது. அந்த ஆண்டு பெண்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. தாயின் ஊர் தஞ்சைத் தரணியின் தில்லையாடி. அவள் தன் தாயோடு போராட்டத்தில் சேர்ந்து கைதானாள். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்தவள், 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தாள். அவளுக்கு அப்போது வயது 16. அவளுக்கு முன்பே, 1909இல், நாகப்பன் என்ற 18 வயது இளைஞர் இதே சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, வெளியே வந்த சில நாட்களில் உயிர் நீத்தார்.

இருவருக்கும் ஜோகன்னஸ்பர்க் இடுகாட்டில் நினைவுக்கல் நாட்டினார்கள். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, 1914 ஜூலையில், அந்தக் கற்களைத் திறந்து வைத்த நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். இந்திய அரசு வள்ளியம்மைக்கு 2008இல் அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவள் பெயர் இருக்கிறது. எல்லாம் சிறப்புத்தான். ஆனால் அவள் கண்ணால் எதைப் பார்த்தாள்? பிள்ளைகள் உயிரோடு, நம் கண்முன்னே, நமக்காக உழைத்துக்கொண்டிருக்கும்போதே அவர்களை அடையாளம் காண்பது பெரியவர்களின் கடமை இல்லையா?

அவர்கள் அப்படி என்ன செய்துவிட்டார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். சொல்கிறோம், கேளுங்கள்.

நம் குடும்பங்களில் பெரும்பாலான தாய்மார்களுக்கு மராத்தி தெரியாது. இந்தி அரைகுறை. ரேஷன் கடையில், மின்சார ஆபீசில், காவல் நிலையத்தில், ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு வாயாக இருப்பது யார்? அப்பா வேலைக்குப் போய்விடுகிறார். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே 13 வயதுப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவோடு போகிறது. கைரேகை பொருந்தவில்லை என்று கடைக்காரர் சொன்னால், எங்கே போய்ச் சரிசெய்வது என்று விசாரிக்கிறது. எந்த மாநில ரேஷன் அட்டையாக இருந்தாலும் எந்த மாநிலத்திலும் தானியம் வாங்கலாம் என்ற திட்டம் 2022க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. அது நம் தெருவில் எத்தனை வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்? தெரிந்த வீடுகளில் யார் சொல்லித் தெரிந்தது என்று விசாரித்துப் பாருங்கள். கைப்பேசியைத் தடவிப் பார்த்துப் படித்துச் சொன்ன பிள்ளைகள்தான்.

ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டாக்டர் இந்தியில் கேட்கிறார். பிள்ளை தமிழில் அம்மாவிடம் கேட்கிறது. அம்மா சொல்வதைப் பிள்ளை இந்தியில் திருப்பிச் சொல்கிறது. வயிற்று வலி என்றால் சொல்லிவிடலாம். பெண்களுக்கே உரிய உபாதை என்றால்? பெற்ற மகனிடம் அதைச் சொல்லி, "டாக்டரிடம் கேளுடா" என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? பாதியைச் சொல்கிறாள், பாதியை விழுங்கிவிடுகிறாள். மருந்து பாதி நோய்க்குத்தான் கிடைக்கிறது. அப்பாவுக்கு வந்திருப்பது பெரிய வியாதி என்று டாக்டர் சொன்னால், அதை முதலில் கேட்பது அந்தப் பிள்ளையின் காது. கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து, எவ்வளவு சொல்வது, எதை மறைப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்ய வேண்டும். தலைமை என்கிறோமே, அது இதைவிட வேறு என்ன? கூட்டத்தில் மைக் பிடிப்பது மட்டும்தான் தலைமையா?

வீட்டுக் கணக்கெடுப்பு வருகிறது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. மராத்தியில் அச்சடித்த காகிதத்தை வாசித்து, கடைசித் தேதி எது, எந்த ஆபீசில் எந்தச் சான்று காட்ட வேண்டும் என்று பத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொல்கிற பையனுக்கு 15 வயது. அவன் அந்தத் தேதியைத் தவறாகச் சொன்னால் பத்துக் குடும்பம் தெருவுக்கு வரும். அவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்குகிறவனை, சங்கக் கூட்டத்தில் "தள்ளி நில்லடா, பெரியவர்கள் பேசுகிறோம்" என்று சொல்வது நியாயமா?

சட்டம் இந்த வயதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் கொஞ்சம் கவனிப்போம். 2010 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதோடு நின்றுவிடுகிறது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பியவர் அபாயகரமான தொழில்கள் தவிர மற்றவற்றில் வேலை செய்யலாம் என்கிறது. வாக்குரிமையோ 18 வயதில்தான். அதுவும் 1989 வரை 21 ஆக இருந்தது. ஆகப் பள்ளியின் உரிமை முடிந்து வாக்கின் உரிமை தொடங்கும் வரை நான்கு ஆண்டுகள். இந்த நான்கு ஆண்டுகளில் உழைக்கலாம், ஆனால் வாய் திறக்க இடமில்லை. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்கூட, வெள்ளைக்காரன் காலத்திலேயே, 15 வயது நிறைந்தவர் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகலாம் என்று இடம் கொடுத்தது. வெள்ளைக்காரன் கொடுத்த இடத்தைக்கூட நாம் கொடுக்க வேண்டாமா?

அரசாங்க விருதுகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. 1957 அக்டோபர் 2ஆம் நாள் டில்லி ராம்லீலா மைதானத்தில் பிரதமர் நேரு கலந்துகொண்ட விழாவில் பந்தல் தீப்பற்றியது. ஹரிஷ் சந்திர மெஹ்ரா என்ற 14 வயதுச் சாரணச் சிறுவன் தன் கத்தியால் பந்தல் துணியைக் கிழித்து, உள்ளே இருந்தவர்கள் வெளியேற வழி செய்தான். சிறுவர்களுக்கான தேசிய வீர விருது பிறந்தது அப்படித்தான். இன்று 5 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குப் பிரதம மந்திரி தேசிய பால புரஸ்கார் வழங்கப்படுகிறது. அதில் சமூக சேவைக்கும் ஒரு பிரிவு உண்டு. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்திலும் விருதுகள் உண்டு. சாரணர் இயக்கத்தில் குடியரசுத் தலைவர் விருது உண்டு. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழ் உதவும். ரயில்வே ஆபீசில் பைல் புரட்டிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். நம் பிள்ளைகளைச் சாரணர் படையில் சேர்த்துவிடுங்கள் என்று பெற்றோரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் பாருங்கள், நாட்டு நலப்பணித் திட்டத்துக்குக் கல்லூரி வாசலையோ மேல்நிலைப்பள்ளி வாசலையோ தாண்ட வேண்டும். வீர விருதுக்கு ஒரு தீயோ ஒரு வெள்ளமோ வர வேண்டும். தினந்தோறும் தண்ணீர் வரிசையில் சண்டை வராமல் முறை வைத்து, படுக்கையில் கிடக்கிற கிழவிக்கு முதல் குடத்தை நிரப்பிக் கொடுக்கிற பெண்ணுக்கு எந்தப் பிரிவில் விண்ணப்பம் போடுவது? பட்டறைக்குப் போகிற பையனுக்கு எந்தத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார்? பெரிய விருதுகளின் கண்ணுக்கு எட்டாத இடத்தைப் பார்க்கத்தான் தெருவில் இருக்கிற மன்றம் வேண்டும். அவள் குடம் நிரப்புவதை டில்லி பார்க்க முடியாது, நாம் பார்க்கலாம்.

இனி, எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம்.

முதலாவது, யாரும் தன் பெயரைத் தானே கொடுக்க வேண்டாம். பெற்றோரும் கொடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் உழைப்பால் பயன் பெற்ற மூன்று பேர், உறவினர் அல்லாதவர்கள், வந்து சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்வோம். தமிழர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு மராத்திக்காரரும் உத்தரப் பிரதேசத்துக்காரரும் வந்து சொன்னால் அது இன்னும் கனமான சாட்சி.

இரண்டாவது, படிப்பு, சாதி, மதம், நன்கொடை எதுவும் கணக்கில் வராது. செயற்குழு உறுப்பினரின் பிள்ளை பெயர் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். தேர்வுக் குழுவில் ஐந்து பேர். அவர்களில் இருவர் 20 வயதுக்குட்பட்டவர்கள். ஒருவர் கட்டாயம் பெண்.

மூன்றாவது, உயிரைப் பணயம் வைக்கிற சாகசத்துக்கு இந்த விருது கிடையாது. தண்டவாளம் தாண்டி ஓடி எதையாவது காப்பாற்றினேன் என்று யாரும் வர வேண்டாம். தண்டவாளத்தில் என்ன நடக்கும் என்பதைத் தினம் பார்க்கிறவர்கள் நாங்கள். இருபது பேரைத் தண்டவாளம் தாண்டவிடாமல் மேம்பாலத்தில் ஏறவைக்கிற பையன் வந்தால் அவனுக்கு முதல் மாலை.

நான்காவது, தேர்தல் நேரத்தில் கொடி கட்டினான், சுவரொட்டி ஒட்டினான், தலைவர் வந்தபோது ஆள் திரட்டினான் என்பதெல்லாம் தொண்டில் சேராது. நம் பிள்ளைகளை ஒரு பொட்டலம் பிரியாணிக்குக் கூட்டம் காட்டப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அரசியல் வேண்டும். கேள்வி கேட்கிற அரசியல் வேண்டும். கோஷத்துக்கு வாடகைத் தொண்டை கொடுக்கிற அரசியல் வேண்டாம்.

ஐந்தாவது, மேடையில் அந்தப் பிள்ளையின் வறுமையைச் சொல்லி யாரும் கண்ணீர் வரவழைக்கக் கூடாது. "குடிகாரத் தகப்பன், ஒட்டுக் குடிசை" என்று மைக்கில் சொன்னால் மறுநாள் அந்தப் பெண் எப்படித் தெருவில் நடப்பாள்? செய்த வேலையைச் சொல்லுங்கள். அது போதும்.

"பெண் பிள்ளையின் பெயர் வெளியே வந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடை வராதா?" என்று ஒரு தாய் கேட்டார்கள். கவலை புரிகிறது அம்மா. ஆனால் பத்து வீட்டுக்கு உதவியவள் என்று ஊர் சொல்வது பெண்ணுக்குக் குறைவா? 15 வயதிலேயே வரன் பார்க்கத் தொடங்குகிறார்களே, அதற்கு ஒரு தடை வந்தால் வரட்டும். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படிக் குற்றம் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறோம்.

"எங்களுக்கு யார் விருது கொடுத்தார்கள்?" என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, உண்மை. காமராசர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுத் தாய்மாமன் துணிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கும் யாரும் விருது கொடுக்கவில்லை. ஆனால் பொதுக்கூட்டத்துக்குப் போன அந்தச் சிறுவனை யாரோ கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வேலையைச் செய்து காட்டியவனுக்கு அடுத்த வேலையைக் கொடுத்தார்கள். அப்படிப் படிப்படியாக வந்தவர்தான் முதலமைச்சராகிப் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். நம் தெருவில் அப்படி யாரும் எழும்பவில்லையே என்று புலம்புகிற நாம், எத்தனை பேரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தோம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை, அம்மாவோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறது. அதைக் கூப்பிட்டு, "ஆகா, என்ன சேவை!" என்று மாலை போட்டுக் கோப்பை கொடுத்து அனுப்பிவிட்டால், மறுநாளும் அது அதே வரிசையில்தான் நிற்கும். பாரம் சுமக்கிற பிள்ளையைப் பாராட்டிவிட்டுப் பாரத்தை அதன் தலையிலேயே விட்டுவிடுவது அநியாயம். அப்படிப்பட்ட விருது பிள்ளைக்கு மாலை, நமக்குத் தூக்கமருந்து. அந்தப் பிள்ளை செய்தது நாம் செய்ய வேண்டிய வேலை. விருது கொடுக்கிறோம் என்றால், அந்தக் கடனை நாம் ஒப்புக்கொள்கிறோம் என்று பொருள். கோப்பை கொடுத்தால் கடன் தீராது.

ஆகவே செயற்குழு ஒரு விதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு விருதோடும் பெரியவர்கள் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துணை போன பிள்ளைக்கு விருது என்றால், வாரத்தில் இரண்டு நாள் காலையில் இந்தியும் மராத்தியும் தெரிந்த நம் சங்கத்துப் பெண்கள் இருவர் ஆஸ்பத்திரி வாசலில் முறை போட்டு நிற்க வேண்டும். தாய்மார்கள் தங்கள் உபாதையைப் பெண்ணிடம் சொல்லட்டும். நோட்டீஸ் வாசித்த பையனுக்கு விருது என்றால், சனிக்கிழமை மாலை சங்க அறையில் படிவம் நிரப்பவும் காகிதம் வாசிக்கவும் எங்களைப் போல ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் உட்கார வேண்டும். ரயில்வேயில் இருப்பவர்கள் முதல் மூன்று மாதத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். மற்ற ஆபீஸ்காரர்களும் முன்வர வேண்டும். பள்ளியை விட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு விருது என்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத அவர்களுக்கான கட்டணத்தைச் சங்கம் கட்டும். 14 வயது நிறைந்தால் அதில் சேரலாம்.

பரிசு என்ன என்று கேட்பீர்கள். வெள்ளிக் கோப்பை கிடையாது. அந்தப் பணம் மேலே சொன்ன கட்டணத்துக்குப் போகும். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். ரயில்வேயில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டர் உண்டு. சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை என்ன செய்தார் என்பது அதில் ஏறும். அதுபோல இந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு பணிப்பதிவேடு. என்ன செய்தாள், எந்த நாளில், யாருக்கு என்று எழுதி, பயன் பெற்றவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். அது வேலை வாங்கித் தராது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் 'உனக்கு என்ன தெரியும்' என்று யாராவது கேட்கும்போது எடுத்துக் காட்ட ஒரு சாட்சி இருக்கும். அதோடு, விருது பெற்றவர்கள் ஓராண்டுக்குச் செயற்குழுக் கூட்டத்தில் உட்காருவார்கள். டீ கொடுக்க அல்ல, பேச. அவர்கள் பேசும்போது குறுக்கே யாரும் பேசக் கூடாது என்பதும் விதி.

இளைஞர் மன்றத்துத் தம்பி தங்கையரே, உங்களுக்கும் இரண்டு வார்த்தை. விருது வரவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். செய்கிறவர்கள் நிறைய, விருதுகள் கொஞ்சம். விருது வந்துவிட்டது என்று தம்பட்டம் அடிக்கவும் வேண்டாம். அந்த நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் மட்டும் நிரம்பியிருந்தால் அதற்கு அழகில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்குத் தெரிந்த வேலையை உங்களுக்கு இளையவர் இருவருக்குக் கற்றுக் கொடுங்கள். தனியாகச் செய்தால் களைத்துப் போவீர்கள். சேர்ந்து செய்தால் அது சங்கம்.

பெரியவர்களே, அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை பெயர்கள் சொல்லலாம். சங்க அறைக்கு வர முடியாவிட்டால் சொல்லியனுப்புங்கள், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம். ஆனால் பெயர் சொல்ல வருகிறவர்கள், தாங்கள் எந்தப் பொறுப்பை ஏற்கிறோம் என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளையின் பெயரை எழுதுகிற அதே தாளில், அடுத்த வரியில், உங்கள் பெயரையும் எழுதுவோம்.